இந்தப் பகுதி இன்னும் திறக்கப்படவில்லை

மணி இரண்டு நாற்பது. ராத்திரி. ஆள் அரவமே இல்லாத ஒரு ரோடு. இரண்டு பக்கமும் இடுப்பளவுப் புல். காற்று அடிக்கிறது... புல் சாய்கிறது... ஆனால் ஒரு சத்தம் இல்லை. ஏன் சத்தம் இல்லை என்றால், டிவியை மியூட்டில் போட்டிருந்தார்கள்.

சிரிக்காதீர்கள். அந்த ரோடு ஒரு டிவிக்குள்தான் இருந்தது. பேய்க் கதை என்றால் ரோடு சுடுகாட்டுப் பக்கமாகத்தான் போக வேண்டும் என்று சட்டமா? அந்த வீட்டில் அப்போது மனுஷர் யாரும் இல்லை. விளக்கு இல்லை. கூடத்தில் டிவி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பார்க்க ஆளில்லாத டிவி.

இரு. முதலில், ஏய் கண்ணாடி, மூக்குக்கண்ணாடி போட்ட தம்பி, உன்னைத்தான், உன் மணிக்கட்டில் மாட்டியிருக்கிற அந்த ரப்பர் பேண்டைக் கழற்று. எதற்கு வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். கழற்றி அந்த ஸ்க்ரூ டப்பாவில் போடு. போட்டால்தான் மேலே சொல்வேன். கேம் சர்வருக்குள் போகிற வரிசையில் உன் நம்பர் என்ன காட்டுகிறது? முப்பத்தெட்டாயிரமா? நல்லது. ஷட்டரை இன்னும் கொஞ்சம் இறக்கிவிட்டு உட்கார். கதைக்கு வேண்டிய நேரம் இருக்கிறது.

வாட்ச்மேன் அண்ணன் முழிக்கிறார். அண்ணே, இவர்கள் ஏன் நடுராத்திரியில் என் ரிப்பேர் கடையில் வந்து இப்படிக் குந்தியிருக்கிறார்கள் என்றால், ஒரு கேம் இன்றைக்குப் பீட்டா விடுகிறான். பீட்டா என்றால்... ஒரு வீட்டைப் பாதி கட்டிவிட்டு, ஊரைக் கூப்பிட்டு, "மூணு நாள் குடியிருந்து பாருங்க, எங்க ஒழுகுதுன்னு சொல்லுங்க" என்று கேட்பது. வேலைக்கு ஆள் வைத்தால் சம்பளம் கொடுக்க வேண்டும். இங்கே நாமே வரிசையில் நின்று, அடித்துப்பிடித்து உள்ளே போய், ஒழுகுகிற இடத்தில் நனைந்துவிட்டு வருகிறோம். அதுவும் சந்தோஷமாக.

நான் சொல்லப்போவது என் பார்ட்னரின் சித்தப்பா மகனுக்கு நடந்தது. பார்ட்னர் இதோ இங்கேதான் இருக்கிறார், கேட்டுக்கொள்ளுங்கள். அவர் என் முகத்தைப் பார்க்க மாட்டார். இந்தக் கதை வந்தால் அவர் சாலிடரிங் அயர்னைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

அந்தத் தம்பியை உங்களுக்குத் தெரியும். லிஃப்ட்டு. லிஃப்ட் மெக்கானிக் என்பதால் லிஃப்ட்டு. ஊரையே மேலே ஏற்றிவிடுகிறவன், குடியிருப்பது என்னவோ தரைத்தளம். அவனும் அவன் அக்காவும் மட்டும். அக்கா ஒரு பல் கிளினிக்கில் ரிசப்ஷனிஸ்ட். அவர் வாயைத் திறந்தால் டாக்டரே வாயை மூடிக்கொள்வார் என்பார்கள். நாற்பத்து மூன்று வயது. நானும் இருபது வருஷமாக, கேம் ஆடக் கையில் பிடிக்கிற இந்தக் கன்ட்ரோலரை ரிப்பேர் பார்க்கிறேன்... அந்த அம்மா அளவுக்குப் பட்டனை உடைத்துக்கொண்டு வந்தவர் யாரும் இல்லை. "தம்பி, கேம்ல அந்தப் பெரிய வில்லன் பாஸ் செத்தான். கூடவே இந்த ஆர்-டூ பட்டனும் செத்துருச்சு, பாருங்க" என்று கவுண்டரில் வைப்பார். ஆயிரம் பேரைக் கொன்றுவிட்டு வந்த முகத்தில் ஒரு குற்ற உணர்ச்சி இருக்காது.

அவர் ஆறு வருஷமாக ஒரு கேமுக்காகக் காத்திருந்தார். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு டிரெய்லர் விட்டான். இரண்டு நிமிஷம் பத்து விநாடி. ஒற்றை அறை வீடு. ஒரு பெண். கையில் ஒரு விளக்கு. கதவின் தாழ்ப்பாளை விலக்குகிறாள். வெளியே ரோடு. இரண்டு பக்கமும் புல். தூரத்தில், ரோடு முடிகிற இடத்தில், மங்கலாக ஏதோ வெளிச்சம். அவள் வாசலைத் தாண்டக் காலைத் தூக்குகிறாள்... முடிந்தது. திரை கறுப்பு. "விரைவில்."

அந்த "விரைவில்" ஆறு வருஷம் நீண்டது. அக்கா அந்த டிரெய்லரை முந்நூறு தடவையாவது பார்த்திருப்பார்.

"டேய், அந்த ரோடு எங்கடா போகுது?"

"எனக்கென்னக்கா தெரியும். நான் என்ன ரோடு காண்ட்ராக்டரா?"

"அந்த வெளிச்சம் என்னன்னு பாக்காம நான் சாகமாட்டேன்டா."

எல்லாரும் இப்படிப் பேசுகிறோம். நான்கூட கடை ஷட்டருக்குப் பெயின்ட் அடிக்காமல் சாகமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். சும்மா ஒரு பேச்சு. அப்புறம் அக்காவுக்கு வயிற்றில் கட்டி வந்தது. ஒரு வருஷத்தில் அவர் பாதி ஆனார். அந்தப் பாதியில் பாதி ஆனார். ஆஸ்பத்திரியில் நான்காவது மாடி, ஜன்னலோரக் கட்டில்.

அந்த நேரத்தில்தான் அறிவிப்பு வந்தது. பீட்டா. மூன்று நாள். வெள்ளி சாயங்காலம் திறக்கும், ஞாயிறு நடுராத்திரி பன்னிரண்டுக்கு மூடும். யார் வேண்டுமானாலும் வரலாம், ஆனால் வரிசையில் நிற்க வேண்டும்.

அதே வாரம் டாக்டரும் ஓர் அறிவிப்பு சொன்னார். "ஞாயித்துக்கிழமை காலைல வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க." குணமாகி அனுப்பும்போது டாக்டர்களுக்கு ஒரு குரல் உண்டு. இது அந்தக் குரல் இல்லை என்று லிஃப்ட்டுக்குப் புரிந்தது. அக்காவுக்கும் புரிந்தது. ஆனால் அவர் சொன்னது இதுதான்:

"பாத்தியா, ஞாயித்துக்கிழமை அனுப்பறாங்க. பீட்டா முடியறதும் ஞாயித்துக்கிழமைதான். டைமிங் பாருடா."

"அலையாதக்கா. முழு கேம் அடுத்த வருஷம் வருது. அப்ப நிதானமா..."

அக்கா கொஞ்ச நேரம் சலைன் பாட்டிலையே பார்த்தார். சொட்டு... சொட்டு...

"எனக்கு அடுத்த வருஷமெல்லாம் ரிலீஸ் ஆகாதுடா" என்றார்.

அப்புறம் உத்தரவு போட்டார். நீ வீட்டில் வரிசையில் நில். உள்ளே விட்டால் அந்த அறைக்குள்ளேயே இரு. நான் வருகிற வரைக்கும் இடத்தை விட்டுவிடாதே.

"வாசலத் தாண்டக் கூடாது. மொதல் அடி நான்தான் வைப்பேன். நீ வெச்சே, கைய ஒடிச்சிருவேன்."

"உன்னால தலைகாணியே தூக்க முடியல."

"அப்ப கடிப்பேன்."

வெள்ளி சாயங்காலம் லிஃப்ட்டு டிவி முன்னால் உட்கார்ந்தான். நம்பர் அறுபத்தோராயிரத்துச் சொச்சம். சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்தான். குளிக்கவில்லை. கன்ட்ரோலரை மடியில் வைத்தபடியே பிரெட்டைத் தின்றான். நம்பர் இறங்கியது... நாற்பதாயிரம்... பதினோராயிரம்... சனி ராத்திரி பதினொன்று பத்துக்குத் திரை வெளுத்தது. அந்த ஒற்றை அறை. மேஜை. விளக்கு. மூடிய கதவு.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டான். நைட் சிஸ்டர் எடுத்தார். "இப்பதான் ஊசி போட்டுத் தூங்கறாங்க. எழுப்பணுமா?"

யோசித்தான். விடிந்தால் ஞாயிறு. கூட்டிக்கொண்டு வந்துவிடப் போகிறோம். இடம் பிடித்தாகிவிட்டது.

"வேணாம் சிஸ்டர். தூங்கட்டும்" என்றான்.

அந்த "வேணாம்" இருக்கிறதே... அதை அவன் இன்றுவரை மென்றுகொண்டிருக்கிறான்.

அடுத்த போன் எனக்கு. "அண்ணே, முப்பது மணி நேரமாத் தூங்கல. கண்ணு சொருகுது. பத்து நிமிஷம் அசையாம இருந்தா வெளியே தள்ளிருவானாம். மறுபடியும் கடைசில போய் நிக்கணும். என்ன பண்றது?"

இந்த இடத்தில் யோசனை கொடுத்த மகானுபாவன் நான்தான். கண்ணாடி, அதனால்தான் உன்னைக் கழற்றச் சொன்னேன். வாட்ச்மேன் அண்ணே, இதோ பாருங்கள், கட்டைவிரல் வைக்கிற இடத்தில் காளான் மாதிரி இரண்டு ஸ்டிக். இடதைத் தள்ளினால் ஆள் நடப்பான். வலதைத் தள்ளினால் ஆள் திரும்புவான். இரண்டையும் சேர்த்து ஒரு ரப்பர் பேண்ட் போட்டால் ஒன்றையொன்று பார்த்துச் சாயும். ஆள் நின்ற இடத்திலேயே வட்டமாகச் சுற்றிக்கொண்டிருப்பான். சர்வர்காரன், "அடடா, எவ்வளவு ஆர்வமாக ஆடுகிறான்" என்று நினைத்துக்கொள்வான். நாம் தூங்கலாம். இடம் போகாது. வர வேண்டிய ஆள் வருகிற வரைக்கும் இடம் பிடித்து வைக்க எங்கள் தொழிலில் இதுதான் வழி.

நான் வாழ்க்கையில் கொடுத்த ஒரே உருப்படியான யோசனை என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டு தூங்கினேன். நன்றாகவே தூங்கினேன். அதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது.

அவனும் ரப்பர் பேண்ட் போட்டான். விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் அறைக்குள் சுற்ற ஆரம்பித்தாள். மேஜை... கதவு... கட்டில்... மேஜை... கதவு... கட்டில். டிவியை மியூட்டில் போட்டான். தரையிலேயே சாய்ந்தான்.

இரண்டு பதினைந்துக்குப் போன் அடித்தது. ஆஸ்பத்திரி.

எதையும் அணைக்கவில்லை. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினான். ஆஸ்பத்திரியில் லிஃப்ட் நான்காவது மாடியில் நின்றுவிட்டது. கதவு மூட மறுக்கிறது. மேலே திறந்தே கிடக்கிறது. பட்டனை அழுத்துகிறான், வரவில்லை. ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிறவன் நான்கு மாடியையும் படியில் ஏறினான். போய்ச் சேரும்போது இரண்டு ஐம்பது.

"பத்து நிமிஷம் ஆச்சு தம்பி. ரெண்டு நாப்பது" என்றார் சிஸ்டர்.

அப்புறம் அந்த சிஸ்டரம்மா தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். கடைசி அரை மணி நேரம் நினைவே இல்லை. ஆனால் இடது கட்டைவிரல் மட்டும்... போர்வை மேலே... இப்படி... முன்னால் தள்ளிக்கொண்டே இருந்ததாம். வலிக்குத்தான் அப்படிச் செய்கிறார்கள் என்று நினைத்துக் கையைப் பிடித்துப் பார்த்திருக்கிறார். விரல் நிற்கவில்லை. மூச்சு நின்ற பிறகும் ஒரு தடவை, இரண்டு தடவை, தள்ளியதாம்.

ஆக வேண்டியதெல்லாம் பார்ட்னர் வீட்டில் வைத்துத்தான் நடந்தது. லிஃப்ட்டு வீட்டுச் சந்துக்குள் வண்டி நுழையாது. எல்லாம் முடிந்து, மாற்றுத் துணி எடுக்க லிஃப்ட்டு தன் வீட்டுக்குத் திரும்பியபோது ஞாயிறு ராத்திரி ஒன்பது மணி.

பூட்டைத் திறந்தான். உள்ளே கும்மிருட்டு. கூடத்துச் சுவரில் மட்டும் நீலமாக ஒரு வெளிச்சம் அசைந்தது. ஒரு வாடை... சூடான தூசி வாடை, அது கேமை ஓட்டுகிற கன்சோல் பெட்டி ஒரு நாள் முழுக்க ஓடிய வாடை. அதற்குக் கீழே இன்னொன்று. ஆஸ்பத்திரியில் கையில் தேய்த்துக்கொள்ளக் கொடுப்பார்களே, அந்த ஸ்பிரிட் வாடை. தன் சட்டையிலிருந்து வருகிறது என்று நினைத்தான். முகர்ந்து பார்த்தான். சட்டையில் இல்லை.

டிவியைப் பார்த்தான்.

அறை இல்லை. ரோடு. இரண்டு பக்கமும் புல். ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு, விளக்கைப் பிடித்துக்கொண்டு, நடந்துகொண்டிருக்கிறாள். கால் நடக்கிறது. ஆனால் ஆள் நகரவில்லை. கண்ணாடிச் சுவரில் முட்டிய மாதிரி நின்ற இடத்திலேயே... இடது கால்... வலது கால்... கீழே ஒரு வரி.

"இந்தப் பகுதி இன்னும் திறக்கப்படவில்லை. முழு வெளியீட்டில் சந்திப்போம்."

பீட்டாதானே. ரோடு பாதிதான் போட்டிருக்கிறான். அந்த வெளிச்சம் அதே தூரத்தில், அதே மங்கலில்.

ரப்பர் பேண்ட் அறுந்து, இரண்டு துண்டாகத் தரையில் கிடந்தது. சரி, அறுந்தால் என்ன ஆக வேண்டும்? ஸ்டிக் இரண்டும் நடுவுக்கு வந்து நேராக நிற்க வேண்டும். பத்தாவது நிமிஷம் வெளியே தள்ளியிருக்க வேண்டும். கன்ட்ரோலர் தரையில் தனியாகக் கிடந்தது. வலது ஸ்டிக் நேராக நின்றது. இடது ஸ்டிக்... முன்னால்... கடைசி வரைக்கும்... சாய்ந்திருந்தது. மேலே ஒன்றுமே இல்லை.

இன்னொன்றும் உண்டு. கேமில் வருகிற அந்த ஒற்றை அறை வீட்டின் கதவு சும்மா முட்டினால் திறக்காது. கன்ட்ரோலரின் மேல் விளிம்பில் இருக்கிற இரண்டு பட்டனையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால்தான் தாழ்ப்பாள் விலகும். ரப்பர் பேண்ட் அதைச் செய்யாது. லிஃப்ட்டு ட்ரோஃபி லிஸ்டைத் திறந்தான். ஏதாவது சாதித்தால் நேரத்தோடு குறித்து வைக்குமே, அது. இரண்டு இருந்தது.

"முதல் அடி." ராத்திரி 2:41.

"சாலையின் எல்லை." 3:22.

நாற்பத்தோரு நிமிஷ ரோடு. அதன் பிறகு ராத்திரி ஒன்பது வரைக்கும் அவள் அந்தச் சுவரை முட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். பதினேழரை மணி நேரம்.

லிஃப்ட்டு கன்ட்ரோலரை எடுத்தான். அந்த ஸ்டிக் மேல் தன் கட்டைவிரலை வைத்துப் பின்னால் இழுத்தான். வந்தது. ஆனால் ஸ்பிரிங்கின் எதிர்ப்பு மாதிரி இல்லை என்றான். விரலுக்கும் ரப்பருக்கும் நடுவில் இன்னொரு விரல் இருப்பது மாதிரி... மெலிந்து போன, சில்லென்ற ஒரு விரல். அவன் விட்டான். அது மெல்ல மறுபடி முன்னால் போனது.

"அக்கா, அதுக்கு மேல போகாதுக்கா. அவ்வளவுதான் கட்டியிருக்கான்" என்றான்.

இடது கால்... வலது கால்...

அப்புறம் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். துணி எடுக்க வந்தவன். பார்ட்னர் வீட்டிலிருந்து எட்டு போன். எடுக்கவில்லை. பதினொன்று ஐம்பதுக்குத் திரையில் அறிவிப்பு. "சர்வர் பத்து நிமிடத்தில் மூடப்படும். உங்கள் முன்னேற்றம் சேமிக்கப்படாது. பங்கேற்றதற்கு நன்றி." அப்போதுதான் அவனுக்கு ஒன்று உறைத்ததாம். அவளைத் திருப்பி அந்த வீட்டுக்குள்ளாவது கொண்டுபோய்ச் சேர்த்திருக்கலாம். நடு ரோட்டில் நிற்க வேண்டியிருக்காது. கணக்குப் போட்டான். நாற்பத்தோரு நிமிஷ ரோடு. பத்து நிமிஷம் இருக்கிறது. முன்னமே வந்தவன், மூன்று மணி நேரம் வெறுமனே பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டான்.

பன்னிரண்டு. திரை கறுப்பு. கன்சோலின் ஃபேன் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது.

ஸ்டிக் மட்டும் நேராகவில்லை.

ஒரு வாரம் கழித்து அந்தக் கன்ட்ரோலரை ஒரு துணிப்பையில் போட்டு என்னிடம் கொண்டுவந்தான். நான் தொழில்காரன் இல்லையா. பார்த்ததுமே, "டிரிஃப்ட்" என்றேன். ஸ்டிக் தேய்ந்துபோனால் தொடாமலேயே திரையில் ஆள் நகரும். வாரத்துக்குப் பத்து வரும். ஆனால், தொழில் தெரிந்தவர்கள் கேளுங்கள், டிரிஃப்ட் என்றால் ஸ்டிக் நேராகத்தான் நிற்கும். திரையில்தான் ஆள் நகர்வான். இங்கே ஸ்டிக்கே சாய்ந்திருந்தது. பேட்டரியைக் கழற்றினேன். சாய்ந்திருந்தது. ஸ்டிக்கை அடியோடு பெயர்த்துப் புதுசு வைத்தேன். பெட்டியிலிருந்து எடுத்தபோது நேராக இருந்தது. கடைசி ஸ்க்ரூவை முடுக்கினேன்... மெல்ல... மாடிப்படியில் மூச்சு வாங்க உட்கார்ந்த மனுஷி மறுபடி எழுந்து நடக்கிற மாதிரி... முன்னால் சாய்ந்தது.

நான் தைரியசாலி என்று எங்கும் சொல்லிக்கொண்டதில்லை. கன்ட்ரோலரை அந்தக் கடைசி டிராயரில் வைத்துப் பூட்டினேன். மறுநாளிலிருந்து பகலிலேயே ரேடியோ போட்டுக்கொண்டுதான் அந்தப் பக்கம் போகிறேன். மாதத்துக்கு ஒரு தடவை திறந்து ஸ்டிக்கின் ரப்பர் தொப்பியை மாற்றுவேன். ஏன் என்று கேட்காதீர்கள். தேய்ந்திருக்கும். கட்டைவிரல் அளவுக்கு, ஒரே இடத்தில் தேய்ந்திருக்கும். அந்த அம்மாவிடம் எப்போதாவது ஒரு ரிப்பேரை நான் இழுத்தடித்தது உண்டா? இப்போது மட்டும் எப்படி விடுவது.

லிஃப்ட்டு வாரம் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போவான். "அடுத்த வருஷம் முழு கேம் வந்துரும்ணே. வந்தா ரோடு தொறந்துரும். போயிருவா" என்பான். அந்த ஒரு நம்பிக்கையில் அவன் வேலைக்குப் போனான், சாப்பிட்டான், முடி வெட்டிக்கொண்டான்.

எட்டு மாதம் கழித்து, போன வாரம் வியாழக்கிழமை, அறிவிப்பு வந்தது. நீங்களும் படித்திருப்பீர்கள். படித்துவிட்டு நான்கு திட்டு திட்டிவிட்டு அடுத்த கேமுக்குப் போயிருப்பீர்கள். "கனத்த மனதுடன் தெரிவித்துக்கொள்கிறோம்." கேமைக் கைவிட்டுவிட்டார்கள். கட்டியவர்களையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ரோடு திறக்காது. எப்போதுமே திறக்காது.

அன்று ராத்திரி கடை மூடும் நேரத்துக்கு லிஃப்ட்டு வந்தான். மழையில் நனைந்திருந்தான். டிராயரைத் திறக்கச் சொன்னான். கன்ட்ரோலரை எடுத்துக் கவுண்டரில் வைத்தேன். முன்னால் சாய்ந்தே இருந்தது.

"அவகிட்ட யாருண்ணே சொல்றது?" என்றான்.

நான் கன்ட்ரோலரை அவன் பக்கம் நகர்த்தினேன். அவனே குனிந்தான். காதில் சொல்கிற மாதிரி.

"அக்கா... ரோடு தொறக்காதாம்க்கா. விட்டுட்டாங்களாம். அந்தப் பக்கம் ஒண்ணும் கட்டவே இல்லையாம். அந்த வெளிச்சம் சும்மா ஒரு படமாம். நடந்தது போதும்... வீட்டுக்கு வந்துடு."

ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. ஷட்டர் மேல் மழைச் சத்தம் மட்டும். அப்புறம் அந்த ஸ்டிக்... எட்டு மாதத்தில் முதல் தடவையாக... எழுந்தது. நேராக நின்றது. பார்ட்னர் அந்த மூலையில் நின்றுகொண்டிருந்தார், கேட்டுப் பாருங்கள்.

நின்றது... நின்றது... பின்னால் சாய்ந்தது.

பின்னால் இழுத்தால் ஆள் எந்தப் பக்கம் வருவாள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

லிஃப்ட்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். மூன்று பேரும் உட்கார்ந்தோம். டீ போட்டேன். யாரும் குடிக்கவில்லை. பத்து நிமிஷம். இருபது. ஸ்பிரிட் வாடை வர ஆரம்பித்தது, நான் போர்டு துடைக்கிற ஸ்பிரிட் என்று சொல்லிக்கொண்டேன். பாட்டில் மூடித்தான் இருந்தது. முப்பது. நாற்பது. நாற்பத்தோராவது நிமிஷம் ஸ்டிக் பட்டென்று நேரானது.

லிஃப்ட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதான். "வந்துட்டா அண்ணே. வீட்டுக்கு வந்துட்டா." எனக்கும் கண் கலங்கிவிட்டது. ஒளிப்பானேன். அவன் ஆறிப்போன டீயை எடுத்தான். எட்டு மாதத்தில் அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

நான்தான் முதலில் கவனித்தேன். கவனிக்காமல் இருந்திருக்கலாம்.

கவுண்டரில் அந்தக் கன்ட்ரோலர். பேட்டரி இல்லை. ரப்பர் பேண்ட் இல்லை. இடது ஸ்டிக் வலது பக்கம் மெல்லச் சாய்ந்தது. வலது ஸ்டிக் இடது பக்கம் மெல்லச் சாய்ந்தது. ஒன்றையொன்று பார்த்து. அப்படியே நின்றுவிட்டது.

மேஜை... கதவு... கட்டில்... மேஜை... கதவு... கட்டில்...

அந்த மாதிரி எதற்காகச் சுற்றுவார்கள் என்று எனக்குத் தெரியும். சொல்லிக்கொடுத்ததே நான்தானே. அது ஆடுவதற்கு இல்லை. வர வேண்டிய ஆள் வருகிற வரைக்கும் இடம் போகாமல் இருப்பதற்கு.

லிஃப்ட்டுக்கு அது புரியவில்லை. "பாருங்க, வீட்டுக்குள்ள சுத்தறா. நிம்மதியாயிட்டா" என்றான். ஆமாம் என்றேன். அவனுக்கு ஒன்றுமில்லை. நன்றாகத்தான் இருக்கிறான். இன்றைக்குக்கூட வேலைக்குப் போயிருக்கிறான். வயிற்றில் லேசாக ஏதோ வலி என்றான் நேற்று, வேளைக்குச் சாப்பிடாத வலியாக இருக்கும். இன்றைக்கு ஏன் அவனைக் கூப்பிடவில்லை என்று வந்ததிலிருந்து கேட்கிறாய், கண்ணாடி.

அன்று ராத்திரி அவன் அந்த டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மழையைப் பார்த்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு. வலது கை சும்மா இருந்தது. இடது கட்டைவிரல் மட்டும், கிளாஸின் விளிம்பில்... அவனுக்கே தெரியாமல்... முன்னால்... முன்னால்... தள்ளிக்கொண்டிருந்தது.